வெயிலைப் பூட்டி வைத்தவர்கள்

சூரிய வெப்பத்தின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் குழியாடியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆர்க்கிமிடீஸ் ஆடி பிடித்து ரோமானியக் கப்பல்களை எரித்தார் என்ற பழங்கதை முதலில் வரும். அடுத்து, 1878 பாரிஸ் கண்காட்சியில் அகுஸ்தான் மூஷோ பெரிய கூம்பு ஆடி ஒன்றை நிறுத்தி, வெயிலிலேயே நீராவி உண்டாக்கி, அதைக்கொண்டு பனிக்கட்டி செய்து காட்டியது வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். மொட்டை மாடியில் சோலார் கலெக்டர்களுக்கு வெப்பமானி மாட்டி அளப்பதிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. என்னைக் கேட்டால் இந்த வரலாறு ஆடியில் இல்லை, ஒரு மூடிய பெட்டியில் ஆரம்பிக்கிறது. வெயிலைக் குவிக்க நல்ல ஆடி ஒன்று போதும். குவிந்த வெப்பம் வந்த வழியே திரும்பிப் போகாமல் காப்பாற்றத்தான் ஏறத்தாழ இருநூறு வருஷ இயற்பியல் தேவைப்பட்டது.

பெட்டியைச் செய்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனெடிக்ட் தெ சோசூர். மலைமேல் பைத்தியமாக இருந்த மனிதர். மோன் பிளாங்க் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760இலேயே அறிவித்து, 27 வருஷம் கழித்துத் தாமே அதன் மேல் ஏறியவர். காற்றின் ஈரத்தை அளக்க மனிதத் தலைமுடியை வைத்து ஒரு கருவி செய்தவரும் அவர்தான். எதைப் பார்த்தாலும் அளந்துவிட வேண்டும் அவருக்கு. வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் கண்ணாடிச் சன்னல் வைத்த அறைக்குள்ளும் வெக்கை கூடுவது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எவ்வளவு கூடுகிறது என்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. 1767இல் அவர் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கண்ணாடிப் பெட்டிகளைக் கறுப்பு மேசை ஒன்றின்மேல் கவிழ்த்து வெயிலில் வைத்தார். வெளிப்பெட்டியிலிருந்து உள்ளே போகப் போகச் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. நடுப்பெட்டியில் அந்தக் காலத்து ரியாமூர் அளவில் 70. இன்றைய கணக்கில் 87.5 டிகிரி செல்சியஸ்.

அதோடு விடவில்லை. பைன் மரத்தில் சின்னப் பெட்டி ஒன்று செய்து, உட்புறம் கறுப்பாக்கிய தக்கையைப் பதித்து, மேலே இடைவெளி விட்டு மூன்று கண்ணாடிகளை அடுக்கினார். அது 109 டிகிரிக்குப் போயிற்று. ஆடி இல்லை, லென்ஸ் இல்லை. பலகையும் தக்கையும் கண்ணாடியும் மட்டும் கொண்டு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிவிட்டார்.

இந்த இடத்தில் நான் வகுப்பில் எப்போதும் சற்று நின்றுவிடுவேன். ஏனென்றால் சோசூர் அந்தப் பெட்டியைச் சமைக்கவோ குளிக்கவோ செய்யவில்லை. மலை உச்சி ஏன் குளிர்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேடத்தான் அதைப் பயன்படுத்தினார். உச்சி சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, பின்னே ஏன் குளிர்? 1774இல் ஆல்ப்ஸில் உள்ள கிரமோன் சிகரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே காற்றின் வெப்பநிலை 6 டிகிரிதான். பெட்டிக்குள்ளே 88. மறுநாள் ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழே, கூர்மாயர் ஊரில் அதே பெட்டியை வைத்தார். காற்று 25 டிகிரிக்கு வந்திருந்தது. பெட்டிக்குள்ளோ அதே சூடு, ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கலாம். உச்சியில் வெயில் குறைவில்லை என்பது அதில் தெளிவாயிற்று. மெல்லிய காற்று வெப்பத்தை வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். 1824இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே பூமியின் வெப்பநிலையைப் பற்றி எழுதியபோது சோசூரின் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டு பேசினார். பசுமை இல்ல விளைவு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடத்துக்கும் நம் மாடியில் இருக்கும் வெந்நீர்ப் பெட்டிக்கும் மூதாதை ஒன்றே என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெட்டியில் முதலில் சமைத்துச் சாப்பிட்டவர்களில் ஒருவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர் உண்டு என்று 1800இல் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன். தென் வானத்து விண்மீன்களைப் பட்டியலிட நன்னம்பிக்கை முனைக்குப் போயிருந்தவர், 1837இல் கறுப்படித்த மஹோகனிப் பெட்டி ஒன்றைக் கண்ணாடியால் மூடி வெயிலில் வைத்தார். சூடு ஏறிற்று, ஆனால் போதவில்லை. பெட்டியைச் சுற்றிக் காய்ந்த மணலைக் குவித்தார். கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடிச் சட்டத்தை வைத்தார். அப்போதுதான் 115 டிகிரியைத் தாண்டிற்று. முட்டை கல்லாக வெந்தது. இறைச்சியும் காய்கறியும் போட்ட ஒரு குழம்பும் அதில் தயாராகி, சுற்றி நின்றவர்கள் சாப்பிட்டார்கள். அவர் கூட்டியது வெயிலை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெப்பம் கசியும் ஒரு வழியைத்தான் அடைத்தார்.

வெப்பம் வெளியேற மூன்று வழி உண்டு என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். கடத்தல், சலனம், கதிர்வீச்சு. தக்கையும் மணலும் முதல் வழியை அடைத்தன. கண்ணாடி என்ன செய்தது என்பதில்தான் நீண்ட நாள் குழப்பம். ஃபூரியேயின் வழியில் வந்தவர்கள், கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டு, உள்ளே சூடான பரப்பு உமிழும் வெப்பக்கதிரை வெளியே விடாமல் தடுக்கிறது, அதனால்தான் சூடு என்றார்கள். 1909இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் வுட் இதைச் சோதித்தார். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்றின் மேல் கண்ணாடி. இன்னொன்றின் மேல் பாறை உப்புத் தகடு. பாறை உப்பு வெப்பக்கதிரைத் தாராளமாக வெளியே விட்டுவிடும். பழைய விளக்கம் சரியென்றால் உப்புப் பெட்டி ஆறிக் கிடக்க வேண்டும். இரண்டும் 55 டிகிரி வாக்கில் வந்து நின்றன. வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. சூடான காற்று மேலே எழும்பிப் போகாமல் மூடி வைத்ததுதான் கண்ணாடி செய்த முதல் வேலை என்று வுட் முடிவு கட்டினார். இயற்பியல் வரலாற்றில் இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய கருத்தை அசைத்த பரிசோதனைகள் குறைவு. ஆனால் அவருடைய முடிவை 55 டிகிரிக்கு மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சூடு கூடக் கூடக் கதை மாறிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையே அமெரிக்காவில் வியாபாரிகள் பெட்டியைக் கையில் எடுத்திருந்தார்கள். பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் ‘கிளைமேக்ஸ்’ என்று பெயரிட்டுக் காப்புரிமை வாங்கினார். கறுப்படித்த தண்ணீர்த் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிக்குள் படுக்க வைத்த அமைப்பு. விலை 25 டாலர். தென் கலிபோர்னியாவில் நன்றாக விற்றது. சாயங்காலம் வரை வெந்நீர் கிடைக்கும், விடிகாலையில் தொட்டி ஜில்லென்று இருக்கும். காரணம் வெளிப்படை. பகலில் வெயிலைப் பார்த்த அதே கண்ணாடி முகம் இரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உருக்காலைப் பொறியாளராக இருந்து, காசநோய் வந்து, உடம்பு தேறக் கலிபோர்னியாவுக்குக் குடிவந்தவர் வில்லியம் பெய்லி. அவர்தான் 1909இல் சூடாக்கும் இடத்தையும் சேமிக்கும் இடத்தையும் பிரித்தார். கூரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய செம்புக் குழாய்கள், அதற்கு மேலே நன்றாகப் போர்த்திய தொட்டி. சூடான தண்ணீர் லேசாகித் தானே மேலேறித் தொட்டிக்குப் போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்பு வேண்டாம். தெர்மோசைஃபன் என்று நாம் இன்று சொல்லும் ஏற்பாடு. ‘டே அண்ட் நைட்’ என்று அவர் கம்பெனிக்குப் பெயர் வைத்ததில் பொய் ஒன்றுமில்லை. காலையிலும் வெந்நீர் இருந்தது. 1918க்குள் நாலாயிரத்துக்கு மேல் விற்றார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இயற்கை எரிவாயு பொங்கிக் கிளம்ப, பெய்லியே கேஸ் ஹீட்டர் செய்யப் போய்விட்டார். ஃபுளோரிடாவில் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் செம்புக்குக் கட்டுப்பாடு வந்ததும் அதுவும் நின்றது. நம் ஊர் மாடிகளில் இருப்பது இன்றும் பெய்லியின் படம்தான். தொட்டி மேலே, பலகை கீழே.

நான் சொல்ல வந்ததில் மிகப் பெரிய திருப்பம் ஜெருசலேமில் நடந்தது. 1950களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் எரிபொருள் பஞ்சம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெந்நீர் போடவே அரசு தடை விதித்திருந்தது. 1953இல் லெவி யிசார் என்ற பொறியாளர் பெய்லி பாணியில் சோலார் ஹீட்டர் செய்து விற்க ஆரம்பித்தார். அங்கே தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குத் தலைவராக வந்தவர் ஹாரி ஸ்வி டேபர், 1917இல் லண்டனில் பிறந்தவர். அவர் பார்த்த கணக்கை நான் என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். இங்கேயும் போடுகிறேன்.

நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் விழும். கறுப்புத் தகடு 80 டிகிரிக்கு ஏறியிருக்கிறது, சுற்றுப்புறம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதிப்படி தகடு கதிர்வீச்சாக உமிழ்வது சுமார் 880 வாட். சுற்றுப்புறத்திலிருந்து திரும்பக் கிடைப்பது சுமார் 478. மூடியில்லாத தகடு கதிர்வீச்சில் மட்டும் இழப்பது 400 வாட். கண்ணாடி மூடினால் குறையும், ஆனால் தீராது. கண்ணாடி அந்தக் கதிரை விழுங்கித் தானும் சூடாகி, பாதியை வெளியே தள்ளும். எம்.ஐ.டி.யில் ஹாய்ட் ஹாட்டெல் 1930களின் கடைசியிலிருந்து இந்த இழப்புகளை ஒவ்வொன்றாக அளந்து, 1942இல் வொர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இன்றுவரை கலெக்டர் கணக்குக்கு அடித்தளம். அதன்படி பார்த்தால் கண்ணாடியை மேலும் மேலும் அடுக்குவது மட்டுமே வழி. அடுக்கினாலோ வெளிச்சம் குறையும்.

கறுப்புதான் சிக்கல். கிர்ச்சாஃப் விதி என்ன சொல்கிறது? நன்றாக உறிஞ்சும் பொருள் நன்றாகவே உமிழும். கறுப்படித்தால் வெயிலை முழுக்க வாங்கும், முழுக்கக் கொடுத்தும் விடும். பளபளப்பான உலோகம் கொடுக்காது, ஆனால் வாங்கவும் செய்யாது. விதியை மீற முடியாது. டேபர் விதியை நிதானமாகப் படித்தார். உறிஞ்சுவதும் உமிழ்வதும் சமம் என்பது ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாகத்தான். சூரியன் 5,800 கெல்வினில் இருப்பதால் அதன் ஆற்றல் அநேகமாக முழுவதும் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த அலைநீளத்தில் வருகிறது. நூறு டிகிரித் தகடு உமிழ்வதன் உச்சமோ 8 மைக்ரான் பக்கத்தில். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அப்படியானால் குட்டை அலைக்குக் கறுப்பாகவும் நெட்டை அலைக்கு ஆடியாகவும் இருக்கிற ஒரு பரப்பு இருக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பளபளப்பான உலோகத்தின் மேல் மிக மெல்லிய கறுப்புப் படலம் ஒன்றை ஏற்றினார்கள். நிக்கல், துத்தநாகம், கந்தகம் சேர்ந்த ‘பிளாக் நிக்கல்’ ஒரு வழி. படலம் வெயிலைப் பிடித்துக்கொள்ளும். நெட்டை அலைக்கு அந்தப் படலம் இருப்பதே தெரியாது, அடியில் உள்ள உலோகம்தான் தெரியும். பத்தில் ஒன்பது பங்கு வாங்கி, பத்தில் ஒரு பங்கு மட்டுமே உமிழ்கிற பரப்பு கையில் வந்தது. மேலே போட்ட கணக்கில் 400 வாட் 40 ஆயிற்று. 1955இல் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்த சூரிய ஆற்றல் மாநாட்டில் டேபர் இதைப் படித்தார். அதே மாநாட்டுக்குக் கலிபோர்னியாவிலிருந்து கியர், டங்கிள் என்ற இருவர் இதே யோசனையைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். கேள்வி பழுத்துவிட்டால் இரண்டு ஊரில் ஒரே சமயத்தில் விழுவது அறிவியலில் புதிதில்லை. 1980இல் இஸ்ரேல் புதிய குடியிருப்புகளில் சோலார் ஹீட்டரைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே பெரும்பாலான வீடுகளின் கூரையில் அது நிற்கிறது.

அந்தப் பூச்சை நான் கிட்டத்தில் பார்த்தது எங்கள் மாடியில் கண்ணாடி நொறுங்கிப்போன ஒரு பழைய கலெக்டரைப் பிரித்தபோது. டஃபன்ட் கண்ணாடி கல்கண்டாகச் சிதறிக் கிடந்தது. அலுமினியச் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, கறுப்பு ரப்பர் கேஸ்கெட்டை உரித்து எடுத்தால், ஒன்பது செம்புப் பட்டைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குழாய் பற்றவைத்திருக்கும். அடியில் அலுமினியத் தாளும் பாறைக் கம்பளியும். பட்டையைச் சாய்த்துப் பார்த்தால் கறுப்பில் நீலமும் ஊதாவும் கலந்து மினுங்கும். வெறும் பெயின்ட் இப்படி மினுங்காது. நகத்தால் ஒரு கீறு கீறினேன், கீழே உலோகம் பளீரென்று தெரிந்தது. படலத்தின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. வெயிலில் வருஷக்கணக்காக நின்றது அந்தப் படலம்தான்.

பூச்சு வெளிறிய பட்டைகளுக்குப் பலர் கடையில் கறுப்பு பெயின்ட் வாங்கி அடித்துவிடுகிறார்கள். பார்க்க முன்னைவிடக் கறுப்பாக இருக்கும். ஆனால் பெயின்ட் நெட்டை அலைக்கும் கறுப்பு. உமிழ்திறன் பத்தில் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குப் போய்விடும். டேபர் அடைத்த வாசலைப் பிரஷ் வைத்துத் திறந்துவிடும் வேலை இது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

கதிர்வீச்சை அடைத்த பிறகு மிஞ்சியது காற்று. அதற்கு வழி பழையது. ஜேம்ஸ் டூவர் 1892இல் திரவமாக்கிய வாயுக்களை வைக்கச் செய்த இரட்டைச் சுவர்க் குடுவை, அதாவது நம் பிளாஸ்க். இரண்டு கண்ணாடிச் சுவருக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் கடத்தலும் இல்லை, சலனமும் இல்லை. அதன் உட்சுவரில் டேபர் வழியில் தேர்ந்து உறிஞ்சும் பூச்சைப் படியவைத்தால் சோசூரின் பெட்டியில் இருந்த எல்லா ஓட்டைகளும் அடைபட்டாயிற்று. 1970களின் பிற்பகுதியில் சிட்னி பல்கலைக்கழகத்தார் வெற்றிடத்தில் பூச்சைத் தெளித்துப் படியவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1980களில் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் யின் ஜிசியாங் அலுமினியமும் நைட்ரஜனும் கலந்த பூச்சை ஒரே உலோகத்தை வைத்துப் படியவைக்கும் வழி கண்டார். மலிவான வழி. சீனத்துத் தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்று நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் டியூப் ஹீட்டர்கள் அந்த வழியில் வந்தவை.

டியூபின் அடிப்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வெள்ளி பூசினாற்போல் பளபளக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல, பேரியம். உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுவைப் பிடித்துக்கொள்ள வைத்தது. கண்ணாடியில் மயிரிழை விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் பேரியம் அதோடு சேர்ந்து வெளுத்துவிடும். எங்கள் வீட்டுக்கு சர்வீஸுக்கு வரும் தம்பி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். குனிந்து அடியைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், இந்த ரெண்டும் வெளுத்துப்போச்சுங்க. காத்து பூந்துருச்சு, மாத்தித்தானுங்க ஆகணும்” என்பார். கருவியே தேவையில்லாத சோதனை. இயற்பியல் படித்த எனக்கு அது எப்போதும் மகிழ்ச்சி தரும்.

ஆடிக்காரர்களும் கடைசியில் பெட்டிக்குத்தான் வர வேண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஃபிராங்க் ஷூமன் 1907இல் சோசூர் பாணிக் கண்ணாடிப் பெட்டியில் ஈதரைக் கொதிக்கவைத்துத்தான் முதலில் எஞ்சின் ஓட்டினார். 1913இல் கெய்ரோவுக்குப் பக்கத்தில் மாதி என்ற ஊரில், இயற்பியலாளர் சார்லஸ் பாய்ஸ் சொன்னபடி, அறுபது மீட்டருக்கு மேல் நீளமான ஐந்து பரவளையத் தொட்டில் ஆடிகளை நிறுத்தி, நிமிஷத்துக்கு 6,000 கேலன் நைல் தண்ணீர் இறைத்தார். குழாயைக் கண்ணாடி மூடியிருந்தது, அவ்வளவுதான். போர் வந்தது, நிலையம் போயிற்று. 1984இலிருந்து 1990க்குள் கலிபோர்னியாவின் மொஹாவி பாலையில் லூஸ் நிறுவனம் அதே தொட்டில் ஆடிகளை வரிசை வரிசையாக நிறுத்தி 354 மெகாவாட் மின் நிலையங்களைக் கட்டியபோது, குழாயில் எண்ணெய் 390 டிகிரி வரை ஏறியது. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 80 டிகிரியில் உமிழ்வதைப் போல் 400 டிகிரியில் 13 மடங்கு. வுட் சொன்னது அங்கே செல்லாது. அதனால் அந்த எஃகுக் குழாய்களுக்குத் தேர்ந்து உறிஞ்சும் பூச்சு, அதைச் சுற்றி வெற்றிடம் வைத்த கண்ணாடி உறை, உறைக்குள் பேரியம் என்று நம் மாடி டியூபின் ஏற்பாடு அப்படியே போயிற்று.

அங்கே புதிதாக ஒரு தொல்லையும் முளைத்தது. நெடுங்காலம் அவ்வளவு சூட்டில் ஓடும் எண்ணெய் மெல்லச் சிதைந்து ஹைட்ரஜனை விடுகிறது. அணு அளவில் சின்னதான அது எஃகுச் சுவரையே ஊடுருவி வெற்றிடத்துக்குள் வந்துவிடுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் ஹைட்ரஜன் காற்றைவிடக் கெட்டி. வெற்றிடத்தில் அதை உறிஞ்சும் உலோகக் கட்டிகளை வைக்கிறார்கள், கட்டிகள் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடுகின்றன. எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜனைப் பிரித்து எடுப்பதா, எண்ணெயையே விட்டுவிட்டு உருகிய உப்பை ஓடவிடுவதா என்று ஆய்வகங்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.